கூறைச்சேலை கட்டிய ஏதென்ஸ் பெண்கள்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுவில் பருத்தித்துறையில் ஒரு பெண்கள் பாடசாலையில் சரித்திரம் படிப்பித்தேன். பரிசளிப்பு விழாவுக்குப் பழைய ஏதென்ஸ் நகரத்துக் காட்சி ஒன்றைப் பழக்கினேன். அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் அம்மனுக்கென்று நெய்த புடவையை ஊர்வலமாகக் கொண்டுபோய்ச் சாத்துவார்களாம். புடவையை ஏந்தி முன்னே வர ஒரு மாணவியைப் பிடித்தேன். நடையென்றால் அது நடை. அவளுக்கு ஈடாக வேறொருத்தி இல்லை.

புத்தகப் படங்களில் கிரேக்கச் சிலைகள் எல்லாம் வெள்ளை. ஆகவே தகப்பன்மாரின் எட்டு முழ வேட்டிகளை வாங்கி ஊர்வலத்தில் வரும் எட்டுப் பிள்ளைகளுக்கும் மடிப்பு மடிப்பாகக் கட்டிவிட்டேன். எனக்கே பெருமை தாங்கவில்லை.

விழாவுக்கு நாலு நாள் இருக்க, புடவை ஏந்தும் அந்தப் பிள்ளையின் தாய் ஒத்திகை பார்க்க வந்தார். தோணிக்காரர் ஒருவரின் மனைவி. மகளைக் கண்டதும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"கலியாணம் கட்டாத பிள்ளையைத் தாலியறுத்தவள் மாதிரி வெள்ளையோடை நிப்பாட்டி வைச்சிருக்கிறியளே ரீச்சர்!"

நான் சும்மா இருப்பவளா? புத்தகத்தை விரித்து நீட்டினேன். "கிரேக்கர் உடுத்தது வெள்ளைதான் அக்கா. நீங்களே பாருங்கோ."

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். "கோயில் கட்டின சனம் சாமிக்கு நிறம் பூசாமல் விட்டிருக்குமோ? எங்கடை கோபுரத்தையும் கன வருசம் பூசாமல் விட்டால் உப்பிடித்தான் நிக்கும். மழை கழுவியிருக்கும்."

பள்ளிக்கூட வாசல் மிதிக்காத மனுசி எனக்குச் சரித்திரம் சொல்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. அவர் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். பிள்ளை அழுதுகொண்டே போனாள்.

இரண்டு நாள் மற்றப் பிள்ளைகளை நடக்கவிட்டுப் பார்த்தேன். சரிவரவில்லை. மூன்றாம் நாள் என் வறட்டுக் கௌரவத்தை விழுங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ பெட்டகத்தைத் திறந்து தன் சிவப்புக் கூறைச்சேலையை எடுத்தார். மணவறையில் கட்டியதை யார் இரவல் கொடுப்பார்கள்?

"இதைக் கட்டிவிடுங்கோ, பிள்ளை வருவாள். மற்றவைக்கும் அயலுக்குள்ளை வாங்கித் தாறன்."

விழாவன்று என் ஏதென்ஸ் பெண்கள் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வந்தார்கள். முன்னால் அந்தப் பிள்ளை. சபை கைதட்டி ஓயவில்லை. நான் மட்டும் சரித்திரத்தைக் கொன்றுவிட்டேனே என்று தலைகுனிந்து இருந்தேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன் ஆசிரியப் பயிற்சிக்காக லண்டன் போனேன். அங்கே ஒரு நூதனசாலையில் கிரேக்கச் சிலை ஒன்று. ஆடை மடிப்பின் ஆழத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கா என்று காவலாளியிடம் கேட்டேன். வர்ணம், ஒரு காலத்தில் சிலை முழுக்கப் பூசியிருந்தார்கள் என்றார். கூறைச்சேலையின் அதே சிவப்பு. வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்து அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அதை நான் அண்டைக்கே சொன்னனான்தானே," என்று சிரித்தார். பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "பிள்ளை, இஞ்சை வா. உன்னை அழவைச்ச ரீச்சர் வந்திருக்கிறா."

கைக்குழந்தையோடு வந்து நின்றாள், அதே நடை.

"உவளுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ," என்றார் தாய்.

சொன்னேன். அன்று மேடையில் நீ கட்டியிருந்ததுதான் சரி, படிப்பித்த நான்தான் பிழை என்று.