ஏனக்கா வாங்கிய லைட் மீட்டர்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ‘ஏனக்கா’ என்றே கூப்பிட்டார்கள். பல் வலிக்கிறது என்று யாராவது சொன்னால், ‘எந்தப் பல்?’ என்று கேட்கமாட்டாள், ‘ஏன்?’ என்று கேட்பாள். முன்பு பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கும் வேலை பார்த்தவள். சுவரிலிருந்து பெயர்த்துக்கொண்டு வரும் ஒரு சில்லைப் பார்த்து, அச்சு அசலாக அதே நிறத்தைக் கலந்து கொடுப்பாள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்ததும் வேறு நிறம், அது ஏன் என்று முதலாளியைக் குடைந்து, அவர் இவளைக் கண்டாலே போன் வந்ததுபோல் காதில் கையை வைத்துக்கொண்டு நழுவும்படி ஆக்கியவள்.

வண்ணமடித்து முடித்த வீடுகளைப் படம் எடுக்கக் கடையில் ஒரு கேமரா வாங்கினார்கள். அது இவள் கைக்கு வந்தது. சில நாளில் சுவர்கள் அலுத்துவிட்டன. சுவருக்கு முன்னால் நின்ற வீட்டுக்காரர்களின் முகங்கள் பிடித்துப்போயின. வேலையை விட்டாள். தையல் கடைக்கு மேல் பெரிய ஜன்னல் உள்ள ஓர் அறையைப் பிடித்து ஸ்டுடியோ தொடங்கினாள். பகலில் ஜன்னல் வெளிச்சம், மேகம் போட்டால் பிளாஷ். வெளிச்ச அளவெல்லாம் கேமராவே பார்த்துக்கொள்ளும். குறை சொல்ல ஆளில்லாமல்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த இரட்டைப் பெண்கள் வரும்வரை.

ஒருத்தி நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள். மற்றவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஆளுக்கொரு படம், அம்மா வீட்டுக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட வேண்டும். நீச்சல்காரி கறுப்புச் சட்டையில் வந்தாள், மற்றவள் வெள்ளையில். இருவரையும் ஒரே நாற்காலியில், ஒரே ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்தாள்.

படங்களைப் பார்த்த அம்மா முதலில் சிரித்தார்.

“இவ என் பொண்ணு, சரி. இது யாரு பெத்த பொண்ணு?”

கறுப்புச் சட்டைக்காரியின் முகம் மாவு பூசியதுபோல் வெளுத்திருந்தது. வெள்ளைச் சட்டைக்காரியின் முகம் இருண்டிருந்தது.

“வெயில்ல நிக்கிறது நானு. கறுத்துப்போனது அவளா?” என்றாள் நீச்சல்காரி.

“மறுபடி எடுத்துத் தரேன்” என்று சொல்லி அனுப்பினாலும், ஏனக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பேக்கரியில் ரொட்டி போடும் கணவர் வேலை முடிந்து வந்ததும், அவரை ஜன்னலோரம் இழுத்து உட்காரவைத்தாள். தோளில் வெள்ளைத் துண்டைப் போர்த்தி ஒரு படம், கறுப்புச் சால்வையைப் போர்த்தி ஒரு படம்.

“எனக்குக் காய்ச்சலா, குளிரா? எதுக்கு இப்படிப் போர்த்துற?”

“அசையாதீங்க.”

துண்டில் கறுத்தார், சால்வையில் வெளுத்தார். அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. கேமரா முகத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கவில்லை. முகத்திலும் துணியிலும் பட்டுத் திரும்பி வருவதைத்தான் அளக்கிறது. வெள்ளை நிறைய இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்குகிறது. கறுப்பு நிறைய இருந்தால் போதவில்லை என்று வெளுக்கவைக்கிறது. அப்படியென்றால் விழும் வெளிச்சத்தை நேராக அளப்பது எப்படி?

மறுநாள் கணவரையும் துண்டையும் சால்வையையும் கூட்டிக்கொண்டு, பழைய கேமராக்கள் விற்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடி மேசைமேல், வெளிச்சத்தை அளக்கும் மூன்று மீட்டர்களை எடுத்து வைத்தார்.

“இது புரொபஷனல் ஆளுங்க வாங்குறது, மேடம்” என்று துப்பாக்கிபோல் கண்ணில் வைத்துப் பார்க்கும் ஒன்றை முதலில் நீட்டினார். “எந்த இடத்தக் குறி வைக்கிறீங்களோ, அந்த இடத்த மட்டும் சொல்லும்.”

அவள் கணவரின் மூக்கைக் குறிவைத்தாள். ஓர் எண் வந்தது. கன்னத்துக்கு வேறு, தாடிக்கு இன்னும் வேறு.

“இதுல எத நம்புறது?”

“அது... அனுபவத்துல வரும், மேடம்.”

“தூரத்து மலைய எடுக்கிறவங்களுக்கு உதவும். என்கிட்ட வர்றவங்க கைக்கெட்டுற தூரத்துலதானே உட்காருறாங்க?”

அடுத்தது முள் ஆடும் பழைய மீட்டர். பேட்டரியே வேண்டாம், உள்ளங்கையில் அழகாக உட்கார்ந்தது. முன்பக்கம் ஒரு வெள்ளை மூடியை நகர்த்தினால், விழும் வெளிச்சத்தையும் அளக்கும் என்றார் கடைக்காரர். மூடியை விலக்கிவிட்டுக் கணவரை நோக்கிப் பிடித்தாள். துண்டுக்கு ஓர் எண்ணும் சால்வைக்கு ஓர் எண்ணும் காட்டியது.

“எங்க கேமரா மாதிரியே இதுவும் ஏமாறுது” என்றாள்.

பிறகு மூடியைப் போட்டு, அவர் தாடைக்குக் கீழே, கேமரா இருக்கும் திசையைப் பார்த்துப் பிடித்தாள். துண்டு மாறியது, சால்வை மாறியது. முள் இடம் மாறவில்லை. சந்தோஷத்தில் அவர் தோளிலேயே ஒரு தட்டுத் தட்டினாள்.

“இதையே வாங்கிடலாமே” என்றார் கணவர். கடை முழுக்க வேடிக்கை பார்ப்பதுபோல் அவருக்குத் தோன்றியது.

“இருங்க.” அவரைக் கடையின் இருட்டான உள்மூலைக்குக் கூட்டிப்போனாள். அங்கே முள் படுத்துத் தூங்கியது. கடைக்காரரிடம் பிளாஷ் அடிக்கச் சொன்னாள். எருமைமேல் மழை பெய்த மாதிரி முள் அசையாமல் கிடந்தது.

“மேகம் போட்ட நாள்ல நான் என்ன பண்றது?”

மூன்றாவது, எண்களைத் திரையில் காட்டும் மீட்டர். தலையில் பிங்பாங் பந்தைப் பாதியாக வெட்டி ஒட்டியதுபோல் ஒரு வெள்ளைக் குமிழ். தலையை எந்தப் பக்கமும் திருப்பலாம். ஜன்னலில், மூலையில், பிளாஷில் என்று எல்லாவற்றிலும் சோதித்தாள். துண்டும் சால்வையும் ஏறி இறங்கினாலும் எண் அப்படியே நின்றது. குமிழை உள்ளங்கையால் பாதி மறைத்தாள், எண் இறங்கியது. கையை எடுத்ததும் ஏறியது. கணவரும் ஒரு கட்டத்தில் தன் கையை நீட்டி மறைத்துப் பார்த்தார்.

“அட, ஆமாம்! இது மாவு ஈரத்த விரல்ல பார்க்கிற மாதிரிதான் இருக்கு.”

அதைத்தான் வாங்கினார்கள்.

இரட்டையர் அம்மாவோடு திரும்ப வந்தார்கள், அதே சட்டைகளில். ஏனக்கா ஒவ்வொருத்தியின் தாடைக்குக் கீழும் குமிழைப் பிடித்தாள். இருவருக்கும் ஒரே எண். கேமராவின் தானியங்கியை அணைத்துவிட்டு, அந்த எண்ணை வைத்தே இரண்டு படங்களையும் எடுத்தாள். இனி இரண்டு முகமும் ஒன்றுபோல் வரும் என்று நம்பிக்கொண்டு திரையைத் திருப்பினாள்.

ஒன்றுபோல் வரவில்லை. நீச்சல்காரி உண்மையிலேயே கொஞ்சம் கறுத்து, மூக்கில் வெயில் பளபளக்க இருந்தாள். மற்றவள் நிழலில் வளர்ந்த நிறம். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் அசலானது. ஏனக்கா படத்தைப் பார்த்தாள், பிறகு ஆளைப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

“மறுபடியும் வேற வேறயா வந்துடுச்சே” என்றார் அம்மா.

“இல்லம்மா” என்று நீச்சல்காரி திரையைத் தன் பக்கம் இழுத்தாள். “இது நானு. பொறந்ததுலேர்ந்து எந்தப் போட்டோவ எடுத்தாலும், இதுல நீ யாருன்னுதான் கேப்பாங்க. இதப் பாத்து யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க.”

அம்மா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “பெரிசாவே போட்டுக் குடுங்க” என்றார் கடைசியில்.

ஏனக்கா மட்டும் இன்னும் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நீச்சல்காரியின் இடது கன்னம் வலது கன்னத்தைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. நிழலோ என்று, இரண்டு கன்னத்தின் அருகிலும் குமிழைப் பிடித்து அளந்தாள். அவள் ஜன்னலுக்கு நேராக உட்கார்ந்திருந்ததால், இரண்டிலும் வெளிச்சம் ஒன்றுதான்.

“ஏம்மா, குளத்துல நீ எந்தப் பக்கம் நிப்ப?”

அவள் யோசித்தாள். “ஏணிகிட்ட. எப்பவும் அங்கதான். காலை வெயில் எனக்கு...” சொல்லிக்கொண்டே கை தானாக இடது கன்னத்துக்குப் போனது.

சகோதரி நாற்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்து, அந்தக் கன்னத்தை உற்றுப் பார்த்தாள்.