அம்மப்பா களவெடுத்த பெர்மிட்டைத் தேடி எங்கடினுக்கு

என்னோடு வேலை செய்யும் எமிலி இங்கிலாந்துக்காரி. அவளுடைய பூட்டனுக்குப் பூட்டன் ஒரு போர்வை திருடியதற்காக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் நாடு கடத்தப்பட்டவராம். போன கோடையில் அவள் அங்கே போய் அவர் கல் உடைத்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். தீர்ப்பின் பிரதியைச் சட்டம் போட்டு மேசையில் வைத்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் ரசிக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் நாடு கடத்தப்பட்ட ஒருவர் உண்டு. அம்மாவின் அப்பா. அவருடைய படம்கூடச் சுவரில் இல்லை. இருநூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக் கள்ளன் என்றால் வரலாறு. நாற்பது வருஷத்துக்கு முந்தைய தமிழ்க் கள்ளன் என்றால் மானக்கேடு. அந்தக் கோபத்தில்தான் சென்ற ஒக்டோபரில் இரண்டு நாள் விடுமுறை எடுத்துப் புறப்பட்டேன்.

எனக்குச் சொல்லப்பட்ட கதை இவ்வளவுதான். எண்பதுகளில் அம்மப்பா சுவிசுக்கு வந்தார். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். தன் சிநேகிதரின் பெர்மிட்டை, அதாவது இங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி அட்டையை, களவெடுத்து அதை வைத்து வேலை செய்தார் என்று பிடித்து, மூன்று மாதம் சிறையில் போட்டு, யாழ்ப்பாணத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். கொஞ்சக் காலத்தில் அங்கேயே இறந்துபோனார். 'கள்ளன்ர மோள்' என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவர் அம்மா. பிறகு கலியாணத்துக்காக இங்கே வந்தபோது, தகப்பன் இடத்தில் நின்று கன்னிகாதானம் செய்து கொடுத்தவர் யார் தெரியுமா? பெர்மிட்டைப் பறிகொடுத்த அதே சிநேகிதர், நான் பரமு தாத்தா என்றும் அம்மா சித்தப்பா என்றும் கூப்பிடுகிறவர். அவருக்கு முன்னால் அம்மா இன்றுவரை கதிரையில் இருந்ததில்லை.

சூரிச்சுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் அட்லிஸ்வில். அங்கே ரயில் நிலையம் வரை அம்மா கூட வந்தார். "உள்ளதைச் சொல்லு. களவெடுத்தவரோ இல்லையோ. வேறை ஒண்டும் எனக்குத் தெரியத் தேவையில்லை" என்றார்.

மூன்று வாரம் முன்பே வாங்கியதால் நாள் பயணச்சீட்டு, அரைக்கட்டண அட்டையோடு 39 பிராங். காலை 6.50க்கு எஸ்-பான் என்ற புறநகர் ரயில். சூரிச்சில் மாறி 7.38க்குப் புறப்பட்டால் 8.52க்குக் கூர் நகரம். எங்கடினின் பழைய பொலிஸ், வழக்குக் கோப்புகள் இருக்கும் மாநில ஆவணக் காப்பகம் நிலையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. பையை வெளியே பூட்டிவைக்க வேண்டும். பேனைக்கு அனுமதியில்லை, பென்சில்தான்.

'செல்லத்துரை' என்று எழுதிக் கொடுத்தேன். இங்கே அம்மாவின் பத்திரங்களில் கலியாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயராக இருப்பது அது. அலுவலர் ஒரு மணித்தியாலம் தேடினார். ஒன்றும் இல்லை. "உங்கள் தாத்தாவின் குடும்பப் பெயர் இதுதானா? உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? இந்த நாட்டுப் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பத் தகப்பன் பெயரைப் போடுகிறோம். அம்மாவுக்கு அம்மப்பாவின் சொந்தப் பெயர், செல்லத்துரை. அம்மப்பாவுக்கு அவருடைய தகப்பன் பெயர், கந்தையா. இங்கே பிறந்த நான் சுவிஸ்காரி மாதிரியே யோசித்துவிட்டேன். 'கந்தையா' என்று மாற்றி எழுதியதும் ஐந்து நிமிடத்தில் கோப்பு மேசைக்கு வந்தது.

"ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு குடும்பப் பெயரா?" என்று அலுவலர் சிரித்தார். "எங்களைப் பிடிப்பது கஷ்டம்" என்றேன். பிடித்துத்தான் இருக்கிறார்கள். முப்பத்தொரு பக்கம்.

விசாரணையில் அம்மப்பாவின் ஒரே பதில் நான்கு தடவை வருகிறது: "அவருடைய ஜாக்கெட்டிலிருந்து எடுத்தேன். அவருக்குத் தெரியாது." கீழே தமிழில் கையொப்பம். வெளியே போய்ப் படியில் இருந்தேன். அம்மாவுக்கு என்ன சொல்வது? திரும்ப வந்து மிச்சத்தையும் வாசித்தேன். பத்தொன்பதாம் பக்கத்தில் ஹோட்டல் முதலாளியின் வாக்குமூலம். எட்டு மாதமாக அந்த ஆள் இந்தப் பெர்மிட்டில்தான் வேலை செய்தார் என்கிறார்.

எட்டு மாதம். பெர்மிட் தொலைந்தால் எங்களுடைய ஆட்கள் எட்டு மணித்தியாலம்கூட நித்திரை கொள்ளமாட்டார்கள். பரமு தாத்தா எட்டு மாதம் தேடவே இல்லையா? விசாரித்தவர்களுக்கு இது தோன்றவில்லை. அதைவிட எரிச்சல், எங்கள் சனத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

13.58க்குச் சிவப்பு மலை ரயில். வலதுபக்கம் இருங்கள், பெரிய பாலங்கள் எல்லாம் அந்தப் பக்கம். இங்கே இலையுதிர்க்கும் ஊசியிலை மரங்கள் மஞ்சளாகியிருந்தன. உண்மையைச் சொன்னால் நான் பாதி பார்க்கவில்லை. ஒன்றே முக்கால் மணித்தியாலத்தில் எங்கடினிலுள்ள சமேடன். இரண்டு சுற்றுலாப் பருவத்துக்கும் இடைப்பட்ட மாதம் என்பதால் ஹோட்டல்கள் பல பூட்டியிருந்தன.

பரமு தாத்தா ஓய்வு பெற்று அங்கேதான் இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறார். "என்ன பிள்ளை, திடீரெண்டு? அம்மா சுகமோ?"

"சுகம். எட்டு மாசம் பெர்மிட் இல்லாமல் என்னெண்டு இருந்தனீங்கள்?"

தேத்தண்ணிக்கு அவர் பிடித்துக்கொண்டிருந்த கேத்தில் நிரம்பி வழிந்தது. அவர் குழாயைப் பூட்டவில்லை.

"களவு போகேல்லை. நான்தான் குடுத்தனான்" என்றார். "எனக்குக் கால் முறிஞ்சு கிடந்தது. போகாட்டி வேலை போயிடும். செல்லத்துரை என்ர பேரிலை போனவன். வெள்ளையளுக்கு எங்கட முகமெல்லாம் ஒண்டுதானே, அதாலை எங்களுக்கும் ஒரு பிரயோசனம் இருக்கட்டும் எண்டு பகிடி விட்டவன். கால் சுகமான பிறகு ஆளுக்கொரு கிழமை. குடுத்தது எண்டு தெரிஞ்சால் என்னையும் ஏத்தி அனுப்பியிருப்பினம். களவெண்டு சொல்லித் தான் மட்டும் போனான்."

"அம்மாவுக்கு ஏன் சொல்லேல்லை?"

"முதல் பயம். பயம் போனபிறகு வெட்கம். பிறகு கலியாணத்துக்குத் தகப்பனா நிக்கச் சொல்லிக் கேட்டினம். நிண்டபிறகு எந்த வாயாலை சொல்லுறது?"

"அம்மா உங்களுக்கு முன்னாலை கதிரையிலை இருக்கிறேல்லை. தெரியுமோ?"

"இருபத்தஞ்சு வருசமாப் பாக்கிறன்."

எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணி வேண்டாம் என்றேன். அவர் ஊற்றி வைத்தார். வெளியே சுழியத்துக்குக் கீழே இரண்டு பாகை. குடித்தேன்.

அடுத்த நாள் 9 மணி ரயிலில் அவரும் என்னோடு அட்லிஸ்வில் வந்தார். அம்மாவிடம் அவரே சொன்னார், ஒன்றையும் பூசி மெழுகவில்லை.  "அப்பா திரும்பி ஊருக்கு வந்து ஒருநாளும் இல்லையெண்டு சொன்னதில்லை. சனம் கள்ளன் எண்டேக்கையும் சிரிச்சுக்கொண்டு போவார்" என்றார் அம்மா. பிறகு அழுதார். பரமு தாத்தாவும்.

நாடு கடத்தப்பட்ட உறவினரைத் தேடப் போகிறவர்களுக்கு: குறைந்தது மூன்று வாரம் முன்பே காப்பகத்துக்கு எழுதுங்கள். மரணச் சான்றிதழ், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ்கள் கட்டாயம். தகப்பன் பெயர், தகப்பனின் தகப்பன் பெயர் இரண்டையும் கொடுங்கள். பிரதிக்குப் பக்கத்துக்கு 50 ராப்பன், அதாவது அரை பிராங். கோப்பு சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். பயந்த மனிதர்கள் பயமுறுத்துகிறவர்களுக்குச் சொன்ன பதில்கள் அவை. வீட்டுக் கதையையும் நம்பாதீர்கள்.

இன்னொன்று. கோப்பில் உள்ளதை அழிக்கமாட்டார்கள். ஆனால் கேட்டால், அது பிழை என்று ஒரு மறுப்புக் குறிப்பை அதோடு சேர்த்து வைக்கிறார்கள். நான் கேட்டேன், படிவம் அனுப்பினார்கள். பரமு தாத்தா எங்கள் குசினி மேசையடியில் இருந்து, நாற்பது வருஷ ஹோட்டல் ஜெர்மனில் ஒரு பக்கம் எழுதினார். இறந்தவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் மட்டும் பேனை நின்றுவிட்டது.

"சிநேகிதன் எண்டு போடுங்கோ, சித்தப்பா" என்றார் அம்மா.