பதினோரு ஓட்டு வித்தியாசம்

ஓட்டு எண்ணும் வேலையில் இரண்டே தவறுகள்தான் செய்ய முடியும்: ஒன்று கூட, ஒன்று குறைய.

டியூட்டி ஆர்டர் வந்ததும் லேசாக ஜுரம் கண்ட சக குமாஸ்தாக்களுக்கு இது புரியும். எண்பதுகளில் ஒரு கார்ப்பரேஷன் தேர்தலுக்கு மாட்டுங்கா ஆபீசிலிருந்து என்னைத் தாராவி வார்டு எண்ணிக்கைக்கு அனுப்பினார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம், தோற்கப் போகிற வேட்பாளரின் ஏஜெண்டாக காதர் பாய் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிக்காரர்; தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருந்தார்.

பெருவிரல்

ஒரு சீட்டில் ரப்பர் முத்திரைக்குப் பதில் விரல் ரேகை. காதர் பாய் தரப்புச் சின்னத்தின் மேலேயே அழுத்தி வைத்திருந்தது. ஓட்டுப் போட்டவரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் இருந்தால் செல்லாது என்றார் தேர்தல் அதிகாரி. சட்டம் அதுதான். சீட்டைத் தள்ளி வைத்தேன். காதர் பாய் மெதுவாகச் சொன்னார்:

“அவன் கையெழுத்தே அதுதானே சார்.”

மடிப்பு

இன்னொரு சீட்டில் இரண்டு முத்திரை. எதிர்த்தரப்பு செல்லையா பெயருக்கு நேரே ஒன்று, கீழே மங்கலாக ஒன்று. செல்லாது என்று எடுத்து வைக்கப் போனேன். காதர் பாய் வாயை மூடிக்கொண்டிருந்தால் செல்லையாவுக்கு ஒன்று குறைந்திருக்கும். அவரோ வலையருகே குனிந்து பார்த்தார்.

“தோல்ல முத்திர அடிக்கவன் சார் நான். கீழ உள்ளது தலைகீழா இருக்கு பாருங்க, மடிச்சதுல ஒட்டுன மை. இது அவங்க ஓட்டுதாம்.”

மறு எண்ணிக்கை

செல்லையாவுக்குப் பதினோரு ஓட்டு கூடுதல். காதர் பாய் தரப்பு மறு எண்ணிக்கை கேட்டு எழுதிக் கொடுத்தது. நான் கட்டிய ஐம்பது சீட்டுக் கட்டு ஒன்றைப் பிரித்தால், செல்லையாவின் சீட்டுகளுக்கு நடுவே காதர் பாய் தரப்பு ஓட்டு ஒன்று! கையைத் தூக்கி அதிகாரியிடம் சொன்னேன். வித்தியாசம் ஒன்பதானது, முடிவு மாறவில்லை. காதர் பாய் கேட்டார்:

“தப்பு எங்களுக்குச் சாதகமா இருந்தாலும் கையத் தூக்கியிருப்பியளா சார்?”

கையெழுத்து

வெளியே மேளம் தொடங்கிவிட்டது. அதிகாரி அசையவில்லை. எல்லா மேஜைக் கணக்கையும் கூட்டி, செல்லாததையும் சேர்த்துச் சரிபார்த்த பிறகே கையெழுத்திட்டார்; பெயரைப் படித்தார்; சான்றிதழைச் செல்லையாவிடம் நீட்டினார். செல்லையா கழுத்தில் மாலை விழுவதற்குள் காதர் பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, இனி எங்க சந்துக்கும் நீங்கதாம். மூணு நாளா கொழாயில தண்ணி இல்ல, வந்து பாருங்க.”

செல்லையா கவுன்சிலராக வெளியே போனார். நாங்கள் திறக்காத டிபன் டப்பாக்களோடு, மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டிய அதே குமாஸ்தாக்களாகவே வெளியே வந்தோம்.