மனுவேல் பார்த்துச் சொன்ன ஆட்டம்

மலையில் ஒண்டிக்கடைக்கும் மஞ்சக்குட்டைக்கும் ஆள் ஏற்றுகிற ஜீப்புகளில் மனுவேல் வண்டி மட்டும் நிறையாமல் நகராது. உள்ளே நெருக்கி அடுக்கிய பிறகு பின்னால் தொங்க ஆள் வேண்டும், மேலே மூட்டைகளோடு உட்கார ஆள் வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் சாவியைத் தொட மாட்டான். ஸ்டீயரிங்கில் கையைப் போட்டுக்கொண்டு ரோட்டையே பார்த்திருப்பான்.

"ஏஞ்சாமி, பொழுது எறங்கறதுக்குள்ள ஊடு போய்ச் சேருவனா?" என்று சந்தைக் கூடையோடு ஒடுங்கிக் கிடக்கும் கண்ணாயி கேட்பாள்.

"இன்னும் ரெண்டே ஆளுங்க அத்தை."

"எம்மடியில ஒண்ணு, உம்மடியில ஒண்ணு வெச்சுக்கலாம். எடு வண்டிய."

வண்டியே சிரிக்கும். மனுவேல் சிரிக்க மாட்டான். அரைகுறையாகக் கிளம்புவது அவனுக்கு ஆகாது. எதையும் முழுசாகச் செய்ய வேண்டும் என்பான்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தான். பெண்கள் உள்ளேதான், மேலே ஆண்கள் மட்டும். உள்ளே இடமில்லை, அவசரம் என்று ஒரு நர்ஸ் பெண் ஒருமுறை மேலே ஏறி உட்கார்ந்துவிட்டாள். வளைவிலேயே வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டு, ரெண்டு ஆம்பளைகளை வெளியே தள்ளி அவளை உள்ளே உட்கார வைத்தான். "பொம்பளப்புள்ள மேல உக்காந்து போனா வண்டி ஓட்டுறவனத்தான் ஊரு பேசும்" என்றான். நல்ல மனுஷன் என்று பேர் வந்தது. அந்தப் பேர் அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

அவன் அப்பா எஸ்டேட் லாரியில் மூட்டை ஏற்றியவர். மனுவேல் அஞ்சாவதோடு நின்று, அதே லாரியைக் கழுவிக் கழுவி ஓட்டக் கற்றுக்கொண்டான். எஸ்டேட்டில் கழித்துப் போட்ட ஜீப்பை வாங்கி, மழைக்காலம் முழுக்க அதன் அடியில் படுத்துக் கிடந்து ஓட வைத்தான். மாதா கோயிலில் எழுதிக் கல்யாணம் கட்டிய தேவகுமாரி பத்தாவது வரை படித்தவள். அவளுக்கு அதிகம் பேச்சு வராது. இது வேண்டும் அது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டதும் இல்லை.

அவள் பந்து ஆடினவள் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவனுக்குத் தெரியும். மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுத்த ஒரு டீச்சர் இருந்தார். மலையைச் செதுக்கின மைதானம். இடது ஓரத்தில் கோடு முடிகிற இடத்திலேயே சரிவும் தொடங்கிவிடும். பந்து அந்தப் பக்கம் தாண்டினால் காப்பித் தோட்டத்துக்குள் உருண்டு எங்கோ போய் நிற்கும். தேடி எடுப்பதற்குள் பெல் அடித்துவிடும். அதனால் இடது ஓரத்தில் தேவகுமாரியை நிறுத்தினார்கள். விளிம்புக்கு வருகிற பந்தை இடது காலால் அணைத்து, உடம்பை ஒரு திருப்புத் திருப்பி உள்ளே கொண்டுவந்துவிடுவாள். அவள் ஆடின வருஷங்களில் பந்து தோட்டத்துக்குள் போனதே குறைவு. பத்தாவது முடிந்தது, பந்தும் முடிந்தது.

எண்பதாம் வருஷம் தை பிறக்கிற சமயம். காப்பிப் பழம் பறிப்பு உச்சத்தில் இருந்தது. எஸ்டேட் ரைட்டர் ஞானசுந்தரம் படித்துவிட்டு ஜீப் சீட்டில் போட்டுப்போன பேப்பரை, அலமாரித் தட்டில் விரிக்கலாம் என்று தேவகுமாரி எடுத்தாள். விரிக்கவில்லை. நின்றபடியே படித்தாள். சோறு தின்றுகொண்டிருந்த மனுவேல் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, கோழிக்கோடு நொம்ப தூரமுங்களா?"

"எதுக்கு?"

"பொம்பளைங்க பந்தாட்டமுங்க. பல நாட்டுக்காரிங்க வந்து ஆடுறாங்களாம். நம்ம நாட்டுப் புள்ளைங்களும் ஆடுறாங்க. ஒரே ஒரு ஆட்டம் பாத்துட்டு வந்தர்லாமுங்க."

மனுவேல் சோற்றுக் கையோடு அவளைப் பார்த்தான். ஆறு வருஷத்தில் அவள் கேட்ட முதல் காரியம். அவனுக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான்.

"போலாம் புள்ள. அதுல என்ன பாக்கப் போற?"

"இடது ஓரத்துல ஆடுறவ கோட்டுகிட்ட பந்து வந்தா என்ன பண்றான்னு பாக்கோணும். சரிவே இல்லாத மைதானத்துல அவ எப்படி நிப்பாட்டுவான்னு." சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். "வர்ற ஞாயித்துக்கெழம போலாமுங்களா?"

"ஞாயித்துக்கெழம சும்மா ஆட்டம். பஸ்ஸும் ரயிலும் புடிச்சு அத்தன தூரம் போய் சும்மா ஆட்டத்தப் பாக்கறதா? கடசி ஆட்டம் பாப்போம். போனா முழுசாப் பாக்கோணும்."

"சும்மா ஆட்டமே போதுமுங்க எனக்கு."

"நான் சொல்றேன் பாரு. கடசி ஆட்டம்."

அவள் பேப்பரை மடித்து வைத்தாள். அன்றிலிருந்து தினமும் ரைட்டர் பேப்பரைக் கேட்டு வாங்கி வந்தான் மனுவேல். அவள் படித்துச் சொல்வாள், யார் யாரை ஜெயித்தார்கள் என்று. அவனுக்கும் மெல்ல அந்தப் பித்துப் பிடித்தது. நம் பெண்கள் ஜெயித்த சேதியை ஜீப்பில் ஏறுகிறவனிடமெல்லாம் தானே கோல் அடித்த மாதிரி சொன்னான். ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது, தேவகுமாரி வாசல் சரிவில் ஒரு கமலா ஆரஞ்சை உருட்டிவிட்டு, ஓடிப்போய் விளிம்பில் இடது காலால் நிறுத்திக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஆரஞ்சை எடுத்து முந்தானையில் துடைத்தாள். "உரிச்சுத் தரட்டுங்களா?" என்றாள்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் மலை இறங்கினார்கள். சேலத்தில் ரயில் ஏறினார்கள். தேவகுமாரி கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். பையில் எலுமிச்சைச் சோறும் நாலஞ்சு ஆரஞ்சும் இருந்தன.

கோழிக்கோட்டில் மைதானத்துக்குப் போகிற ரோடே தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. மலையில் திருவிழாவுக்குக் கூடுகிற கூட்டம் இதன் ஓரத்துக்கு வராது. டிக்கெட் எப்போதோ தீர்ந்துவிட்டது. கதவையும் சாத்திவிட்டார்கள். மனுவேல் ஒவ்வொரு கதவாகப் போய்க் கேட்டான். பெண்களை மட்டுமாவது விடுங்க என்றான். யாரும் காதில் வாங்கவில்லை. டீக்கடைக்காரர், "ஆத்ய நாளுகளில் வந்நிருந்நெங்கில் சுகமாயிட்டு இருந்நு காணாமாயிருந்நு" என்றார். மனுவேலுக்குப் பாஷை அரைகுறையாகத்தான் புரிந்தது. முதல் ஆட்டங்களுக்கு வந்திருந்தால் சுகமாக உட்கார்ந்தே பார்த்திருக்கலாம் என்றது தேவகுமாரிக்கு முழுசாகப் புரிந்தது போல. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதில் ஓரமாக ஒரு காலி லாரி நின்றது. கேபின் கூரை மேல் ஆட்கள் நின்றிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் உள்ளே தெரியும் போல. லாரிக்காரன் கீழே நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தான். புடவையும் பையுமாக நின்ற தேவகுமாரியை அவன் ஒரு பார்வை பார்த்தான்.

"எவிடுந்நா?"

"சேலத்துக்கு மேல, மலை" என்றாள் அவள். "பந்தாட்டம் பாக்க வந்தம்."

அவன் அண்ணாந்து மேலே நின்ற ரெண்டு பையன்களை ஓரம் தள்ளி நிற்கச் சொன்னான். "சேச்சி கேறட்டே. இடமுண்டு."

தேவகுமாரி பையை மனுவேல் கையில் கொடுத்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, ஒரு காலை லாரி டயர் மேல் வைத்தாள். இடது கால்.

"எறங்கு புள்ள" என்றான் மனுவேல்.

திரும்பிப் பார்த்தாள்.

"மேல பூரா ஆம்பளைங்க. அங்க போயி நிப்பியா? நீ இங்க நில்லு. நான் பாத்துச் சொல்றேன்."

உள்ளே விசில் ஊதிவிட்டது. கூட்டம் ஒரே இரைச்சலாக எழுந்தது. தேவகுமாரி டயரிலிருந்து காலை எடுத்தாள். புடவை ஓரத்தில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். லாரிக்காரன் மனுவேலை ஒரு மாதிரி பார்த்துவிட்டு பீடியை வீசினான்.

மனுவேல் மேலே ஏறினான். பச்சைத் தரை, அதில் ஓடுகிற பெண்கள், கறுப்பும் வெள்ளையுமாகப் பந்து. மலையில் இவ்வளவு பெரிய சமதரையை அவன் பார்த்ததே இல்லை. முதலில், சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

"நம்ம புள்ளைங்க பந்த எடுத்துட்டுப் போறாங்க" என்று கீழே குனிந்து கத்தினான்.

"எந்தப் பக்கமா?"

"நடுவுல."

"இடது பக்கம் ஆடுறது யாருங்க? ஒசரமா, குள்ளமா?"

"ஒருத்தி ஓடுறா. ஒல்லியா இருக்கா."

"கோட்டுகிட்ட வந்துச்சுங்களா பந்து? எந்தக் கால்ல எடுத்தா?"

"அதெல்லாம் யாரு பாத்தா? இரு, இரு, தைவான்காரி வர்றா..."

அந்த "இரு" தான் கடைசி. அதற்குப் பிறகு மனுவேல் கீழே குனியவில்லை. பக்கத்தில் நின்றவன் தோளைப் பிடித்துக்கொண்டு எம்பினான். நம் பெண்கள் பந்தோடு போனால் கூவினான். விட்டால் தலையில் அடித்துக்கொண்டான். இடைவேளையில் இறங்கினால் இடம் போய்விடும் என்று இறங்கவில்லை. கீழே ஒருத்தி நிற்கிறாள் என்பதே மறந்து போயிற்று. அவள் ரெண்டு மூன்று தடவை கூப்பிட்டிருப்பாள். இரைச்சலில் கேட்கவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கேட்டதா கேட்கவில்லையா என்பது அவனுக்கே தெரியாது.

இறங்கி வந்தபோது அவன் குரல் கட்டிப்போயிருந்தது. தேவகுமாரி டயருக்குப் பக்கத்தில் பையின் மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளையை அவனுக்கு நீட்டினாள்.

"ஜெயிச்சுட்டமுங்களா?"

"தோத்துட்டம் புள்ள."

"சரிங்க."

ரயிலில் பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டு வந்தான். தோற்றவர்கள்தான் நன்றாக ஆடினார்கள் என்று அடித்துச் சொன்னான். அவள் ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

மலையில் அவனுக்கு ஒரு புதுப் பேர் வந்துவிட்டது. கோழிக்கோடு மனுவேல். ஜீப் நிறைகிற வரைக்கும் ஆட்டத்தைச் சொன்னான், நிறைந்த பிறகும் சொன்னான். மலைப்பேச்சில் கோல்கள் கூடிக்கொண்டே போயின. ஒரு சந்தை நாளில் தேவகுமாரியும் வண்டியில் இருந்தாள், வெங்காயப் பையோடு, கண்ணாயிக்குப் பக்கத்தில்.

"ஏங்கண்ணு, நீயும் போனியாமே?" என்று கண்ணாயி கேட்டாள். "இவன் சொல்றதெல்லாம் நெசமா? ஒருத்தி பந்த உதைச்சதுல வல கிழிஞ்சுதாமே?"

"எனக்கெங்க தெரியும் அத்தை. நான் லாரி டயரத்தான் பாத்தேன்."

"என்னது, டயரா?"

"ஆமாங்க. ஆட்டம் முடியிற வரைக்கும் அதைத்தான் பாத்தேன். நல்ல டயரு. ரப்பர் பட்டன் கூடத் தேயல."

வண்டி மொத்தமும் சிரித்தது. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் கூரையைத் தட்டினார்கள். தேவகுமாரியும் சிரித்தாள். மனுவேலும் சிரித்தான். அடுத்த வளைவில் கியரை மாற்றும்போது அவன் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடியில் அவளைப் பார்த்தான். வெங்காயப் பையின் வாயை முடிந்துகொண்டிருந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு இடது காலை டயர் மேல் வைத்து நின்ற கோலம் அவன் கண்ணுக்கு வந்தது. அவள் ஏற இடம் பண்ணிக் கொடுத்தவன் யாரோ ஒரு லாரிக்காரன். இறங்கு என்றவன் கட்டினவன்.

அதற்கப்புறம் அவன் கோழிக்கோட்டுக் கதையைச் சொல்லவில்லை. கேட்டால், "மறந்து போச்சு" என்பான். அவளிடமும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. இன்னொரு ஆட்டம் வரும், அப்போது கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்துவிடலாம், முழுசாகச் செய்துவிடலாம் என்று நினைத்திருந்தான். அப்படி ஒன்று அவனுக்கு எட்டுகிற தூரத்தில் வரவே இல்லை. வருஷங்கள் போயின. அவன் ஜீப்பும் நிறைந்து நிறைந்து போய்க்கொண்டிருந்தது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், மறுபடி பழம் பறிக்கிற காலம். ஒண்டிக்கடையில் டீ குடிக்கும்போது பேப்பரில் ஒரு மூலையில் பார்த்தான். சீனாவில் பெண்களுக்கென்றே உலகக் கோப்பை நடந்திருக்கிறது. முதல் தடவையாம். கடைசி ஆட்டத்தில் அமெரிக்காக்காரிகள் நார்வேயை ஜெயித்துவிட்டார்கள். இத்தனை நாளாக ஒரு பெரிய ஆட்டம் நடந்து முடிந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவே இல்லை.

டீயை வைத்துவிட்டு பேப்பரை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினான். உள்ளே கண்ணாயி மட்டும் இருந்தாள், வயசாகிக் காது மந்தமாகி. சாவியைத் திருகினான்.

"என்னடா சாமி, ஆளே ஏறல?"

"போலாம் அத்தை."

"உனக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

வண்டியை எடுத்தான். வழியில் கை காட்டினவர்களுக்கும் நிறுத்தவில்லை. காலி வண்டி பள்ளங்களில் துள்ளியது.

தேவகுமாரி களத்தில் காய்ந்த பழத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பேப்பரை விரித்து, எழுத்துக் கூட்டி, அவனே படித்துக் காட்டினான். நாலே வரி. அவள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"பொம்பளைங்களுக்கா? உலகக் கோப்பையா?"

"ஆமா."

"நல்லதுங்க."

பேப்பரைப் பிடித்தபடி நின்றான். இடது ஓரத்தில் ஆடினது யார், கோட்டோரம் பந்து வந்தால் எந்தக் காலால் எடுத்தாள் என்று கேட்பாள் என்று நின்றான். பேப்பரில் அது இல்லை. கேட்டிருந்தால் ரைட்டர் ஞானசுந்தரத்தைத் தேடிப் பிடித்தாவது, சேலம் இறங்கியாவது விசாரித்து வந்திருப்பான்.

அவள் கேட்கவில்லை. பழத்தைக் குவித்து முடித்து, சாக்கின் மறு முனையைப் பிடிக்கச் சொல்லி அவனிடம் நீட்டினாள்.