கார் ஷெட்டில் நான் மாட்டிய போர்டுகள்

போர்டு எழுதுகிறவன் பிழைப்பு எப்படி என்றால், வழி தெரிந்து போனவன் ஒருத்தனும் பாராட்ட மாட்டான். வழி தெரியாதவன் மட்டும் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து சண்டை போடுவான். ஊருக்கு வழி சொல்லும் வேலையில் மாட்டிக்கொண்ட பஸ் கண்டக்டர்களே, ஆஸ்பத்திரி வாசலில் சீட்டுக் கொடுப்பவர்களே, நான் பட்ட பாடு உங்களுக்காவது புரியும்.

அறுபதுகளின் பிற்பாதி. காரைக்குடியில் ஒரு முதலாளி பருத்தி மூடை அடுக்கி வைக்கும் தம்முடைய பழைய கிட்டங்கியைக் கார் ஷெட் ஆக்கினார். தை பிறந்தால் கல்யாணத்துக்கு மெட்ராஸிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வண்டிகள் வந்து குவியும். வீதியில் நிறுத்த இடம் இருக்காது. கிட்டங்கியும் எங்கள் ஊர் வீடுகளைப் போல இந்த வீதியில் தொடங்கி அடுத்த வீதியில் முடியும். கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு வாசலில் வெளியே வர வேண்டும். நடுவே நான்கு கட்டு, கட்டுக்குக் கட்டு திருப்பம், எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரித் தூண்கள். பகலிலேயே இருட்டு. உள்ளே போன டிரைவர்கள் அரை மணி நேரம் சுற்றிவிட்டு, நுழைந்த வாசலிலேயே வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்பார்கள்.

சினிமாக் கொட்டகைக்குப் போர்டு எழுதி, அந்த வேலையும் போய், இரண்டு பிள்ளைகளோடு முழித்துக்கொண்டிருந்தவன் நான். காவலுக்கும் போர்டுக்கும் சேர்த்து என்னை அமர்த்தும்போதே முதலாளி சொல்லிவிட்டார்: "தை முகூர்த்தம் முடியிற வரைக்கும் பாப்பேன். வண்டி ஒழுங்காப் போய் வரலைன்னா மறுபடி பருத்தி மூடையை அடுக்கிருவேன். நீ வேற வேலை பாத்துக்க."

இடது, வலது

முதல் வாரம் 'இடது பக்கம் திரும்பவும்', 'வலது பக்கம் திரும்பவும்' என்று பதினாறு பலகைகள் எழுதி மாட்டினேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. எனக்கே என்மேல் கொஞ்சம் கர்வம்தான். ஆனால் எங்கள் பக்கத்துக்காரர்கள் பந்தியில் இலையைத் தள்ளிப் போடச் சொன்னாலும் 'கொஞ்சம் வடக்கே தள்ளு' என்பவர்கள் என்பதை மறந்துபோனேன்.

தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு டிரைவர் மூன்று தடவை என்னைக் கடந்து போனார். நாலாவது தடவை வண்டியை நிறுத்தி இறங்கினார். முதலாளி அந்த நேரம் பார்த்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். டிரைவர் மெதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. "ஏய்யா, இடதுங்கிறீக. வண்டியைத் திருப்புன பெறகு அந்த இடது எங்குட்டுப் போச்சு? வடக்கயா தெக்கயான்னு எழுதுனா ஒங்க பெயிண்டு கொறைஞ்சு போகுமாக்கும்."

சூரியன்

பதினாறையும் அழித்துவிட்டுத் திசைகளை எழுதினேன். டிரைவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் திசைக்கு ஒரு படமும் போட்டேன். வடக்குக்கு மலை, தெற்குக்கு மீன், மேற்குக்குத் தென்னை, கிழக்குக்குச் சூரியன். அது தேர்தல் சமயம். ஊர்ச் சுவரெல்லாம் கட்சிச் சின்னங்கள். அது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை ஒரு பெரிய வண்டி கிழக்குக் கட்டு வரைக்கும் வந்து, நின்று, அப்படியே பின்னால் போய் வீதிக்கு வந்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன குறையோ என்று பதறி ஓடினேன். டிரைவர் தலையை வெளியே நீட்டி ரகசியமாகச் சொன்னார்: "தப்பா நினைக்காதீக. எங்க முதலாளி அந்தச் சின்னத்துக்குக் கீழ வண்டியை விடமாட்டாக. வெளியில வெயில்லயே கிடக்கட்டும்ங்கிறாக."

போகும் வழி

சூரியனைப் பலாப்பழமாக்கிய பிறகு ஒரு வாரம் வண்டிகள் ஒழுங்காகப் போயின. இனி வேலை நிலைத்துவிடும் என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன். மேற்கு வாசலுக்கு மேலே 'போகும் வழி' என்று சிவப்பில் முழ உயரத்துக்கு எழுதியிருந்தேன்.

ஒரு நாள் கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறிய வண்டி அந்தப் பலகையைப் பார்த்ததும் நின்றது. பின்னால் ஒன்பது வண்டிகள் ஹாரன் அடித்தன. வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொன்னால் வாயில் அடிக்காத குறையாகத் திருத்துகிற ஊர் இது. அதில் பிறந்து வளர்ந்த நானே அப்படி எழுதி வைத்திருக்கிறேன். பெண்ணின் தாயார், ஒரு ஆச்சி, கண்ணாடியை இறக்கினார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், குரல் நடுங்கியது. "நேத்துத்தான் எம்மகளுக்குத் திருப்பூட்டு நடந்து கழுத்துல தாலி ஏறியிருக்கு. போகும் வழின்னு எழுதுன பலகைக்குக் கீழயா அவளை அனுப்பச் சொல்றீக? அதைக் கழட்டுனாத்தான் வண்டி நகரும்."

பலகை இல்லாத வாசல்

கழற்றிவிட்டேன். பதிலுக்கு என்ன எழுதுவது? 'வெளியே' என்றால் விரட்டுகிற மாதிரி இருக்கிறது. 'முடிவு' என்றால் கேட்கவே வேண்டாம். மூன்று நாள் யோசித்தும் ஒரு நல்ல வார்த்தை கிடைக்காமல் வாசலை மொட்டையாகவே விட்டுவிட்டேன். நாலாம் நாள் முதலாளியின் தம்பி மகளுக்குக் கல்யாணம்.

கழுத்துருவை, அதாவது எங்கள் ஊர்த் தாலியை, பிள்ளையார்பட்டியில் சாமி பாதத்தில் வைத்து எடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் காரில் வந்தார். வெளியூர் டிரைவர். திறந்து கிடந்த மேற்கு வாசலில் பலகை எதுவும் இல்லையா, அதுதான் நுழைகிற வாசல் என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டான். அவனை நம்பிப் பின்னால் மூன்று வண்டிகள். எதிரே வெளியே கிளம்பிய ஐந்து வண்டிகள். இரண்டு பக்கமும் தூண், கதவைத் திறக்க வழியில்லை. பெரியவர் மடியில் பெட்டியோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். முகூர்த்தத்துக்கு இன்னும் அரை மணி. கல்யாண வீட்டு நாயனம் எங்களுக்குக் கேட்கிறது.

"பெட்டியை ஜன்னல் வழியாக் குடுங்க, நான் ஓடிப்போய்ச் சேத்துர்றேன்" என்றேன். கொடுக்கமாட்டேன் என்று தலையாட்டினார். அவர் வண்டியைப் பின்னால் எடுக்கவும் விடவில்லை; நல்ல காரியத்துக்கு வந்த வண்டி பின்வாங்கக் கூடாதாம். "தம்பி, மணி என்ன?" என்று மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டார். நானும் டிரைவர்களுமாக எதிரே நின்ற ஐந்து வண்டிகளையும் ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிக் கட்டுக்குள் ஒதுக்கினோம். என் பிள்ளைகள் முகம்தான் கண்ணுக்குள் வந்து வந்து போனது. கடைசியில் பெரியவர் வண்டி கதவு திறக்கிற இடத்துக்கு வந்தது. அந்த வயசில் அவர் ஓடிய ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். கொஞ்ச நேரத்தில் கெட்டிமேளம் கேட்டது. தூணில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன்.

மத்தியானம் முதலாளி வந்தார், நெற்றியில் சந்தனம் காயாமல். அவர் வாய் திறக்கும் முன்பே சாவிக்கொத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. மொட்டை வாசலைக் காட்டிச் சொன்னார்: "இனிமே பலகை எழுதி ஆகாது. நாளையிலருந்து அந்த வாசல்ல நீயே நில்லு."

ஏழு வருஷம் நின்றேன்; நான் வைத்த போர்டுகளிலேயே ஒருத்தரும் குறை சொல்லாத போர்டு நான்தான்.