முழு உடலில் அடங்காத குதிகால்

கன்னையாவைத் தெரியாதவர் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இல்லை. தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் இருபத்தேழு ஆண்டுகள் உழைத்தவர். தண்டவாளத்துக்கு அடியில் போடும், கறுப்பு எண்ணெயில் ஊறிய சிலிப்பர்கட்டைகளைத் தோளில் தூக்கியதும், தைப்பூசம் தவறாமல் பத்துமலைக்குக் காவடி எடுத்ததும் தவிரத் தம்மைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பார். அவர் அடக்கத்தால் விட்டுவிடும் மூன்றாவது செய்தி ஒன்று உண்டு. 1986 செப்டம்பர் 23ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, அரசாங்க மருத்துவர் ஒருவர் அவருடைய மேனி முழுவதையும் ஆராய்ந்து, குறையேதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு, சாப்பு முத்திரையும் குத்திக் கொடுத்தார். இங்கு வரும் தேதிகள் அனைத்தையும் அசல் தாள்களைப் பார்த்தே எழுதுகிறேன்.

பரிசோதனைக்கு ஒரு காரணம் இருந்தது. அதே கேங்கில் வேலை செய்த பாலன் என்பவரின் மணிக்கட்டில் ஆறாத புண் ஒன்று கிளம்பி, தோல் புற்றுநோய் என்று முடிவாயிற்று. எண்ணெய்தான் காரணமா, வெயிலா என்று எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. ரயில்வே தொழிற்சங்கத்தின் கிளைச் செயலாளன் என்ற முறையில் நான் ஒரு கடிதம் எழுதினேன். கேங்கு ஆட்கள் அனைவரையும் தலை முதல் கால் வரை தோல் மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. அதிசயமாக, மூன்றே வாரத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. நான் எழுதிய கடிதங்களுள் கேட்டது அப்படியே கிடைத்தது அது ஒன்றுக்குத்தான்.

புறப்படும்போது கன்னையாவின் மனைவி வீரம்மா என்னைத் தனியே அழைத்தார்.

"அண்ணே, இவரு இடது குதிகால்ல கறுப்பா ஒண்ணு இருக்கு. பத்துக் காசு அளவு. எட்டு மாசமா கல்லு வச்சுத் தேய்க்கிறேன், போக மாட்டேங்குது. ஓரமெல்லாம் கோணல்மாணலா ஓடுது. டாக்டர பாக்கச் சொல்லுங்க."

"அது கட்டை எண்ணெய் லா," என்றார் கன்னையா செருப்பை மாட்டிக்கொண்டே. "கேங்குல எல்லாக் காலும் கறுப்புதான். எங்கள வேலை வாங்குற மண்டோரு காலப் போய்ப் பாரு, தாரு ரோடு மாதிரி இருக்கும்."

"மண்டோரு காலத் தேய்க்கிறது நான் இல்ல," என்றார் வீரம்மா.

மருத்துவர் தமிழராக இல்லாவிட்டால் மொழிபெயர்க்கலாம் என்று நானும் போனேன். மருத்துவர் டாக்டர் சிவசம்பு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஐம்பத்தெட்டு வயது, நெற்றியில் மூன்று கோடு திருநீறு. அதைக் கண்டதுமே கன்னையா செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். நான் தேவைப்படவில்லை, என்னைத் திரைக்கு வெளியே உட்காரவைத்தார்கள். உள்ளே நடந்ததைக் காதால் கேட்டேன். காண முடியாததைப் பின்னால் கன்னையாவிடம் இரண்டு முறை விசாரித்து எழுதிக்கொண்டேன்.

பரிசோதனை இருபத்தைந்து நிமிடம் நடந்தது. தலைமுடியைச் சீப்பால் வகிர்ந்து பார்த்தார். காதுமடலின் பின்புறம், அக்குள், விரல் இடுக்கு, எதையும் விடவில்லை. முதுகுக்கு வந்ததும் பூதக்கண்ணாடி நின்றுவிட்டது.

"இதென்ன தம்பி, முதுகு முழுக்கப் புள்ளி புள்ளியாத் தழும்பு?"

"காவடிக் கொக்கிங்க ஐயா."

"எத்தினை வருஷமா?"

"பத்தொம்பது வருசங்க ஐயா."

"முருகா! நான் ஒருக்காத்தான் பால்குடம் எடுத்தனான். படி ஏறவே மூச்சு வாங்கிப் போச்சு."

பிறகு பதினோரு நிமிடம் பத்துமலைப் படிகளைப் பற்றியே பேச்சு. தழும்புகள் ஐம்பத்து நான்கு என்று எண்ணி, தாளில் அவற்றைக் குறித்தும் வைத்தார். இவ்வளவு பொறுப்பாக ஒரு முதுகு பார்க்கப்பட்டிருக்குமா என்பது ஐயமே.

இறுதியாகக் கால். கன்னையா தரையில் நிற்க, டாக்டர் எதிரே குட்டையான முக்காலியில் அமர்ந்தார். முழங்கால், கெண்டைக்கால், புறங்கால், விரலிடுக்கு எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"காலைத் தூக்குங்கோ, அடியையும் பாப்பம்."

காலைத் தூக்கினால் அது டாக்டரின் மார்புக்கு நேராக, திருநீற்று நெற்றிக்கு ஒரு முழம் கீழே நிற்கும். கன்னையா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"வேணாங்க ஐயா. உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிங்க ஐயா? அதெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு."



"சரி, சரி. உடுப்பைப் போடுங்கோ," என்ற குரல் கேட்டது. அதில் மகிழ்ச்சி இருந்தது. இவ்வளவு மரியாதை தெரிந்த நோயாளி அவருக்கு அன்று வேறு யாரும் கிடைத்திருக்க மாட்டார். வேறோர் இனத்து மருத்துவராக இருந்திருந்தால் அதட்டிக் காலைத் தூக்கவைத்திருப்பார். எங்கள் ஆளுக்கு எங்கள் டாக்டரே வாய்த்தார்.

சங்கத்தின் கடிதத்துக்குச் சான்று வேண்டும் என்று அந்தத் தாளின் நகலை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அச்சிட்ட தாளில் இரண்டு மனித உருவங்கள், ஒன்று முன்புறம் காட்டி, ஒன்று பின்புறம் காட்டி. பின்புற உருவத்தில் ஐம்பத்து நான்கு புள்ளிகள். கீழே, 'முழு உடலும் பரிசோதிக்கப்பட்டது; ஐயத்துக்குரியது எதுவும் இல்லை.' இரண்டு உருவங்களும் தரையில் காலூன்றி நிற்கின்றன. அவற்றுக்கு உள்ளங்கால் வரையப்படவில்லை. பார்க்காததைக் குறிக்க அந்தத் தாளில் இடமே கிடையாது.

அன்று மாலை வீரம்மா ஒரே கேள்விதான் கேட்டார்.

"குதிகாலப் பாத்தாரா?"

கன்னையா தேநீர்க் கோப்பையை ஊதினார். "எல்லாம் பாத்தாரு."

"நான் குதிகாலக் கேட்டேன்."

"முழு உடம்புன்னு எழுதிக் குடுத்திருக்காரு. குதிகால் என்ன, பக்கத்து வீட்டுதா?"

வீரம்மா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

செப்டம்பர் 25ஆம் தேதி மருத்துவமனைக்கு என் முதல் கடிதத்தை அனுப்பினேன். இடது குதிகால் விடுபட்டதால் மறு பரிசோதனை வேண்டும் என்று. அக்டோபர் 16ஆம் தேதி பதில் வந்தது. மேற்படி நபரின் முழு உடலும் பரிசோதிக்கப்பட்டுவிட்டது. அடுத்த பரிசோதனை ஓராண்டு கழித்து. மறுநாளே இரண்டாம் கடிதம் எழுதினேன். குதிகால் முழு உடலில் அடங்குமா, அடங்காதா என்பதை எழுத்துமூலம் தெளிவுபடுத்துமாறு வேண்டினேன். அகராதியைத் துணைக்கு வைத்து நானே கற்ற ஆங்கிலத்தில் அதைவிடச் செம்மையான கடிதம் நான் எழுதியதில்லை. அதற்குப் பதில் இன்றுவரை வரவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் தீபாவளி வந்தது. எண்ணெய் தேய்த்துவிட்ட வீரம்மாவின் விரலில் நல்லெண்ணெயோடு சிவப்பாகவும் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. பத்துக் காசு இருபது காசாகி, நடுவில் கசியத் தொடங்கியிருந்தது. பலகாரத் தட்டோடு அவர் என் வீட்டுக்கு வந்தார். தட்டை வைத்துவிட்டுச் சொன்னார்:

"ரெண்டாவது லெட்டருக்குப் பதில் வரட்டும்னு இருக்கீங்களா? அதுக்குள்ள இவரு காலு போயிரும் அண்ணே. காலோட போனாலும் பரவால்ல, உசுரும் போயிட்டா?"

தோல் கிளினிக் செவ்வாய்தோறும் மட்டுமே. நவம்பர் 4ஆம் தேதி மூவரும் பஸ் ஏறினோம். முகப்பில் இருந்த தாதி புஷ்பவல்லி கடித நகல்களைப் புரட்டிவிட்டு, கன்னையாவின் காலணியைப் பார்த்தார்.

"அண்ணே, இதுக்கா ரெண்டு கடுதாசி? அன்னிக்கே பஸ் ஏறி வந்திருந்தா நான் உள்ள விட்டிருப்பேன் லா."

"முன்பதிவு இல்லாமல் வரக்கூடாது என்று பலகையில் எழுதியிருக்கிறதே," என்றேன்.

"போர்டுல ஆயிரம் எழுதியிருக்கும்," என்றவர் கன்னையாவின் ஃபைலை எடுத்தார். அதன் மேலுறையில், 'கூட வருபவர் கடிதம் எழுதித் தொல்லை தருபவர்' என்று ஆங்கிலத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. என்னைப் பற்றி அரசாங்கம் எழுதிவைத்த ஒரே வாசகம் அது. அதன் நகலைக் கேட்டேன், தரவில்லை.

மருத்துவர் அவரே. புஷ்பவல்லி அவருக்கு முன்னால் உள்ளே போய், "படுக்கையில குப்புறப் படுங்க அண்ணே," என்றார். கன்னையா படுத்தார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. குப்புறப் படுத்தவனின் உள்ளங்கால் எவர் முகத்துக்கும் நேராக நீட்டப்படுவதில்லை. அது கிடக்கிறது, வேண்டியவர் பார்த்துக்கொள்ளலாம். இந்த முறை நான் திரைக்கு உள்ளே நின்றேன். வெளியே போகச் சொல்லியும் போகவில்லை.

டாக்டர் சிவசம்பு குனிந்தார். இடது காலை இரண்டு கைகளிலும் ஏந்தி விளக்கின் பக்கம் திருப்பினார். நெற்றி குதிகாலை ஏறக்குறையத் தொட்டது. நெடுநேரம் நிமிரவில்லை.

"இதை ஏன் அண்டைக்குக் காட்டேல்லை?"

தலையணைக்குள்ளிருந்து பதில் வந்தது. "நீங்க கீழ உக்காந்திருந்தீங்க ஐயா. இப்பவும் மன்னிச்சுக்குங்க ஐயா."

"பேசாமக் கிடவுங்கோ," என்றார் டாக்டர். 

துண்டு வெட்டி ஆய்வுக்கு அனுப்பினார்கள். கெட்ட வகைப் புற்றுநோய் என்று முடிவு வந்தது. இன்னும் இரண்டு மூன்று மாதம் போயிருந்தால் தொடை இடுக்கு வரை ஓடியிருக்கும் என்றார் அறுவை மருத்துவர். நவம்பர் இறுதியில் குதிகாலின் பாதியை எடுத்து, தொடைத் தோலை அங்கே ஒட்டினார்கள். கன்னையா பிழைத்தார். இன்றைக்கு எட்டாண்டுகளுக்கு மேல் ஆகிறது. இடது காலை ஓரமாக ஊன்றி நடக்கிறார். அந்தத் தைப்பூசத்துக்கு மட்டும் காவடி இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில், 'சென்ற பரிசோதனையில் காணப்படாத, பின்னர் புதிதாகத் தோன்றிய கறை' என்று இருந்தது. எட்டு மாதமும் நாற்பத்திரண்டு நாளும் வீரம்மா தேய்த்த கறை, அரசாங்கக் கணக்கில் நாற்பத்திரண்டு நாளுக்குள் முளைத்ததாயிற்று. அதைத் திருத்தக் கோரி மூன்று பக்க மனு தயாரித்தேன். ஆதாரங்களை வரிசைப்படி இணைத்தேன். கையெழுத்து மட்டும் கன்னையா போட வேண்டும். கட்டிலில் காலை நீட்டியிருந்தவரிடம் படித்துக் காட்டினேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். பேனாவை வாங்கவில்லை.

"டாக்டருக்கு என்ன ஆகும் இதால?"

"விளக்கம் கேட்பார்கள். உண்மை பதிவாகும்."

"எங்காலக் கையில ஏந்துனவரு அண்ணே அவரு. அவரு மேல நான் பெட்டிசன் போடுவேனா?"

"அவர் முதலிலேயே ஏந்தியிருந்தால் பாதிக் குதிகால் போயிருக்காது."

"நான் தூக்கியிருந்தா ஏந்தியிருப்பாரு. தூக்கலையே." பேனாவை என் பக்கமே தள்ளினார். "போடமாட்டேன் லா. விட்ருங்க."

எந்த மரியாதை அவரைக் கொல்லப் பார்த்ததோ, அதுவே மருத்துவரைக் காப்பாற்றிவிட்டது. வாதாட எனக்கு நிறையவே இருந்தது. வீரம்மா குறுக்கே வந்து, மனுவின் மேலிருந்த மருத்துவமனைச் சீட்டை மட்டும் எடுத்து நீட்டினார்.

"அது கெடக்கட்டும். அடுத்த செக்கப்பு என்னிக்குன்னு இதுல பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி.

"சரி. அன்னிக்கு நானே கூட்டிட்டுப் போய்க் குப்புறப் படுக்கவச்சுக்கிறேன்," என்றார். "நீங்க வீட்டுலயே இருங்க அண்ணே."