பின்னால் ஒட்டிய எழுத்து

புது பிரேக் பேட் பொருந்தவில்லை என்று மெக்கானிக் திருப்பிக் கொடுத்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்னுடையது ஜப்பானில் உள்ளூர் விற்பனைக்கென்றே செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒரே மாடலில் நாலு தரம் உண்டு; உயர்ந்த தரத்துக்கு பிரேக்கும் பெரிது. அதற்காகவே காரின் பின்னால் தரத்தைக் காட்டும் எழுத்தைப் போட்டோ எடுத்துக் காட்டித்தான் பேட் வாங்கியிருந்தேன்.

நேரே லான்மடா கடைத்தெருவுக்கு ஓட்டிப்போய், பேடை விற்ற உதிரிபாகக் கடைக்காரரிடம் கத்தினேன். அவர் பானெட்டைத் திறந்து, உள்ளே மாடல் விவரம் பொறித்திருந்த தகட்டைத் துடைத்துப் படித்தார்.

"இது ஆகக் கீழ் தரம்ண்ணே."

"அப்ப பின்னாடி இருக்கிற எழுத்து?"

காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எவனோ ஏமாற்றி என் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டினேன்.

"மூணு வருஷத்துக்கு முந்தி நீங்கதான இந்த எழுத்த இங்க வாங்குனீங்க? நாந்தான் ஒட்டிக் குடுத்தேன்," என்றார் மெதுவாக.

தினமும் பார்த்துப் பார்த்து நானே நம்பிவிட்டிருந்தேன்.

சின்ன பேடை எடுத்துக் கொடுத்துவிட்டு, "எழுத்தப் பிச்சிரவா?" என்று குனிந்தார்.

"அதுல கைய வைக்காதீங்க!" என்று மறுபடியும் கத்தினேன்.